அரிதலும் உருளுதலும்: பட்டகம், உருளை ஆகியவற்றின் புறப்பரப்பும் கன அளவும் – கலைச்சொல், அளவை மரபு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பட்டகம், உருளை ஆகிய திண்ம வடிவங்களின் புறப்பரப்பையும் கன அளவையும் காணும் முறைகள் பள்ளிக் கணிதத்தில் வாய்பாடுகளாகவே பயிலப்படுகின்றன. அவ்வாய்பாடுகளின் அடிப்படையை அரியம், பட்டகம், உருளை என்னும் தமிழ்க் கலைச்சொற்களின் பொருளிலிருந்தும், கணக்கதிகாரம் கூறும் வட்டப் பரப்பு விதியிலிருந்தும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். பெருங்களத்தூர், தாம்பரம் வட்டாரத்தின் கிணறு, ஏரிக்கரை, மழை, குடைவரைத் தூண் ஆகியன எடுத்துக்காட்டுகளாகின்றன. கல்வெட்டுகளிலும் சுவடிகளிலும் வரும் அளவைகளைப் பொருள்கொள்ளும்போது நீளம், பரப்பு, கன அளவு என்னும் மூன்றனையும் வேறுபடுத்திக் காண வேண்டியதன் தேவையும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பட்டகம், அரியம், உருளை, புறப்பரப்பு, கன அளவு, குழி, கணக்கதிகாரம், முகத்தல் அளவை, பெருங்களத்தூர்.

1. முன்னுரை

தமிழ்க் கல்வெட்டுகளைப் படிப்போரும் சுவடிகளைப் பதிப்பிப்போரும் அளவுப் பெயர்களை எதிர்கொள்ளாமல் நெடுந்தொலைவு செல்ல இயலாது. கோல், குழி, மா, வேலி, நாழி, குறுணி, கலம் என வரும் பெயர்களுக்கு அகராதி பொருள் தருகிறது. ஆயின் ஓர் அளவு நீளத்தைக் குறிப்பதா, பரப்பைக் குறிப்பதா, கன அளவைக் குறிப்பதா என்பதும், ஒன்று மாறினால் மற்றது எந்த விகிதத்தில் மாறும் என்பதும் அகராதியால் மட்டும் தெளிவுபடுவன அல்ல. அவற்றுக்கு வடிவியல் அறிவு வேண்டும். அவ்வறிவின் மிக எளிய, மிகப் பயனுள்ள பகுதி பட்டகமும் உருளையும் பற்றியது. ஏனெனில் நெல்லளக்கும் மரக்கால், நீர் இறைக்கும் கிணறு, ஏரியின் கரை, கோயில் தூண், ஓலைச்சுவடிக் கட்டு ஆகிய அனைத்தும் ஏறத்தாழ இவ்விரு வடிவங்களுள் அடங்கும்.

பெருங்களத்தூர் என்னும் ஊர்ப்பெயர் பெருமை + களம் + அத்து + ஊர் எனப் பிரியும். களம் என்பது பல பொருள் உடைய சொல். நெல்லடித்து அளக்கும் இடம் அவற்றுள் ஒன்று. இப்பிரிப்பு மட்டுமே ஊர்ப்பெயரின் வரலாற்றை நிறுவிவிடாது. எனினும் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்து, பின் பேரூராட்சியாகி, 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரும் அதன் சுற்றுப்புறமும், நெற்கள அளவையிலிருந்து மழைநீர்க் கணக்கு வரை வடிவியல் எவ்வாறு வாழ்வில் கலந்துள்ளது என்பதைக் காண ஏற்ற களமாகின்றன.

2. கலைச்சொற்கள் காட்டும் மூன்று நோக்குகள்

ஒரே வடிவத்தைத் தமிழகப் பாடநூல்கள் 'பட்டகம்' என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'அரியம்' என்றும் வழங்குகின்றன. இவ்வேறுபாட்டை வெறும் வட்டார வழக்காகக் கருதிக் கடந்துவிடலாகாது. இரு சொற்களும் அவ்வடிவத்தை இரு வேறு பக்கங்களிலிருந்து நோக்குகின்றன.

அரியம் என்னும் சொல் 'அரிதல்' என்னும் வினையை நினைவூட்டுகிறது. ஐரோப்பிய மொழிகளில் இவ்வடிவத்திற்கு வழங்கும் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லும் 'அறுக்கப்பட்டது' என்னும் பொருளதே. இவ்வடிவத்தை அதன் அடிப்பக்கத்திற்கு இணையாக எங்கு அரிந்தாலும் கிடைக்கும் வெட்டுமுகம் ஒரே வடிவும் ஒரே அளவும் உடையதாக இருக்கும். இதுவே அதன் இலக்கணம். ஒரு கூம்பை அவ்வாறு அரிந்தால் வெட்டுமுகம் மேலே செல்லச் செல்லச் சுருங்கும். ஆகவே கூம்பு அரியம் ஆகாது.

பட்டகம் என்னும் சொல்லைப் 'பட்டை' என்பதோடு சேர்த்து நோக்கத் தகும். கல்லுக்குப் பட்டை தீட்டுதல், எட்டுப்பட்டைத் தூண் என்னும் வழக்குகளில் பட்டை என்பது தட்டையான பக்கமுகத்தைக் குறிக்கிறது. மூன்று பட்டை உடையது முப்பட்டகம். இச்சொல் வடிவத்தை வெளியிலிருந்து பார்க்கிறது, முகங்களை எண்ணுகிறது.

உருளை என்பது உருளும் செயலால் பெற்ற பெயர். இதற்கு நேரான கிரேக்கச் சொல்லும் 'உருட்டுதல்' என்னும் வினையிலிருந்து பிறந்ததே. உருளையின் குறுக்குவெட்டு வட்டமாதலின், அதனை எண்ணற்ற பட்டைகளையுடைய பட்டகமாகக் கருதலாம்.

இம்மூன்று பெயர்களுக்குள் மூன்று கணித முறைகள் பொதிந்துள்ளன. அரிதல் என்னும் நோக்கு கன அளவுக்கு வழிகாட்டுகிறது. பட்டை என்னும் நோக்கு பட்டகத்தின் புறப்பரப்புக்கும், உருளுதல் என்னும் நோக்கு உருளையின் வளைபரப்புக்கும் வழிகாட்டுகின்றன. பின்வரும் பகுதிகள் இதனை விரிக்கும்.

3. கன அளவு: அரிந்து அடுக்கும் முறை

ஒரே அளவாக நறுக்கப்பட்ட ஓலைகளைக் கொண்ட ஒரு சுவடிக் கட்டை எடுத்துக்கொள்க. ஒவ்வோர் ஓலையின் பரப்பும் ஒன்றே. அவ்வோலைகளை அடுக்கிய உயரத்தைப் பரப்போடு பெருக்கினால் கட்டு அடைத்துக்கொள்ளும் இடம் கிடைக்கிறது. இதுவே பட்டகம், உருளை இரண்டுக்கும் பொதுவான விதி:

கன அளவு = அடிப்பரப்பு × உயரம்.

அடிப்பக்கம் முக்கோணமாயினும், சதுரமாயினும், சரிவகமாயினும், வட்டமாயினும் விதி மாறுவதில்லை. மாறுவது அடிப்பரப்பைக் காணும் முறை ஒன்றே. ஆகவே தனித்தனி வாய்பாடுகளை நினைவில் வைப்பதைவிட 'குறுக்குவெட்டு யாது?' என வினவுவதே போதுமானது.

சுவடிக் கட்டை ஒரு புறமாகச் சாய்த்துத் தள்ளினால் அது சாய்ந்த பட்டகம் ஆகும். ஓலைகளின் எண்ணிக்கையோ பரப்போ மாறவில்லை. செங்குத்து உயரமும் மாறவில்லை. ஆதலின் கன அளவும் மாறாது. ஒரே உயரத்தில் அரியும் ஒவ்வொரு வெட்டுமுகமும் சம பரப்புடையதாயின் இரு திண்மங்களும் சம கன அளவுடையன என்னும் இவ்வுண்மையை இத்தாலியக் கணிதவியலார் கவலியேரி 1635இல் வெளியிட்ட நூலில் பொதுக் கொள்கையாக வகுத்தார். ஆயின் சாய்த்த கட்டின் பக்கப்பரப்பு அவ்வாறே இருப்பதில்லை. ஓலைகள் மிக மெல்லியன எனக் கொண்டால், சாய்ந்த திசைக்கு எதிரான இரு பக்கங்களும் நீண்டு பரப்பில் மிகும். கன அளவு மாறாமல் புறப்பரப்பு மட்டும் மாறக்கூடும் என்பது இங்குக் கருதத்தக்கது.

இதன் பயன் சுவடிப் பாதுகாப்பிலும் தெரியும். 40 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் 0.4 மி.மீ. தடிப்பும் உடைய 100 ஓலைகள் இறுகக் கட்டப்பட்டுள்ளன எனக் கொள்க. கட்டின் உயரம் 4 செ.மீ.; கன அளவு 640 கன செ.மீ.; புறப்பரப்பு 672 சதுர செ.மீ. அவ்வோலைகளைத் தனித்தனியே பிரித்துப் பரப்பினால் கன அளவு அதே 640 கன செ.மீ. தான். புறப்பரப்போ ஏறத்தாழ 32,350 சதுர செ.மீ. ஆகிறது, அதாவது 48 மடங்கு. காற்றும் ஈரமும் தூசியும் தொடும் இடம் அத்தனை மடங்கு பெருகுகிறது. சுவடிகளைப் பலகையிட்டு இறுகக் கட்டும் வழக்கத்தின் பயனை இக்கணக்கு எண்ணால் காட்டுகிறது.

4. வட்டத்தின் பரப்பும் கணக்கதிகார விதியும்

உருளையின் அடிப்பக்கம் வட்டம். ஆகவே உருளையின் கன அளவு வட்டத்தின் பரப்பைச் சார்ந்தது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பைக் காணத் தரும் விதி, வட்டத்தின் அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்குக என்பது. பெருக்கி வருவது குழி, அதாவது பரப்பு.

சுற்றளவு 22 கோல், விட்டம் 7 கோல் எனில் 11 × 3.5 = 38.5 குழி. இவ்விதியின் சிறப்பு, சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய 'பை' என்னும் எண் இதனுள் வெளிப்படையாக வராமை. சுற்றளவையும் விட்டத்தையும் கயிற்றால் அளந்துவிட்டால் விதி முற்றிலும் சரியான பரப்பைத் தரும். பிழை நேருமாயின் அளப்பதில் நேருமேயன்றி விதியில் இல்லை. சுற்றளவை அளக்காமல் விட்டத்திலிருந்து கணக்கிடும்போதுதான் 22/7 போன்ற தோராய மதிப்பு தேவைப்படுகிறது.

இவ்விதி வட்டத்திற்கு மட்டும் உரியதன்று. நடுவிலிருந்து எல்லாப் பக்கங்களும் சம தொலைவில் அமைந்த எந்தப் பலகோணத்திற்கும் இது பொருந்தும். நடுப்புள்ளியிலிருந்து முனைகளுக்குக் கோடு வரைந்தால் பலகோணம் முக்கோணங்களாகப் பிரியும். ஒவ்வொரு முக்கோணத்தின் உயரமும் நடுவிலிருந்து பக்கத்திற்கு உள்ள தொலைவே. முக்கோணப் பரப்பு அடியின் பாதி × உயரம் ஆதலின், அனைத்தையும் கூட்டினால் அரைச் சுற்றளவு × நடுத்தொலைவு என வரும். பக்கங்களின் எண்ணிக்கை பெருகப் பெருகப் பலகோணம் வட்டத்தை நெருங்கும், நடுத்தொலைவு ஆரமாகும்.

நடுத்தொலைவு 3.5 எனக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். சதுரத்தின் பரப்பு 14 × 3.5 = 49. எட்டுப்பட்டை வடிவின் பரப்பு ஏறத்தாழ 40.6. பதினாறு பட்டை வடிவின் பரப்பு ஏறத்தாழ 39.0. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 38.5. சதுரப் பட்டகம் படிப்படியாக உருளையாவதை இவ்வெண்கள் காட்டுகின்றன. சதுரக் கல்லின் மூலைகளைச் சீவி எட்டுப்பட்டையாக்கி, அதனையும் சீவிப் பதினாறு பட்டையாக்கினால் அக்கல் வட்டத் தூணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

5. புறப்பரப்பு: விரித்தலும் உருட்டுதலும்

பட்டகத்தின் பக்கமுகங்களை ஓர் ஓலைப்பெட்டியை விரிப்பதுபோல் விரித்தால் அவை வரிசையாக அமைந்து ஒரே செவ்வகமாகும். அதன் நீளம் அடிப்பக்கத்தின் சுற்றளவு. அகலம் பட்டகத்தின் உயரம். ஆகவே நேர்ப்பட்டகத்திற்கு:

பக்கப்பரப்பு = அடிச்சுற்றளவு × உயரம்.

மொத்தப் புறப்பரப்பு = பக்கப்பரப்பு + அடிப்பரப்பின் இருமடங்கு.

உருளைக்கு விரித்தலைவிட உருட்டுதல் எளிய விளக்கம். மை பூசிய உருளையைத் தாளின்மேல் ஒரு முறை உருட்டினால் பதியும் தடம் ஒரு செவ்வகம். அதன் நீளம் உருளையின் சுற்றளவு. அகலம் உருளையின் உயரம். சாலை போடும் உருளைப்பொறி ஒரு சுற்றில் எவ்வளவு இடத்தை அமுக்குகிறதோ அதுவே அதன் வளைபரப்பு. உருளை என்னும் பெயரே இவ்வாய்பாட்டை உட்கொண்டுள்ளது.

மூடிய உருளையின் மொத்தப் புறப்பரப்பில் இரு வட்டங்களும் சேரும். ஒரு வட்டம் அரைச் சுற்றளவு × ஆரம் ஆதலின் இரு வட்டங்கள் சேர்ந்து சுற்றளவு × ஆரம். எனவே மொத்தப் புறப்பரப்பு = சுற்றளவு × (உயரம் + ஆரம்). கணக்கதிகார விதியிலிருந்தே பாடநூல் வாய்பாடு கிடைத்துவிடுகிறது.

பக்கப்பரப்பையும் கன அளவையும் இணைக்கும் உறவும் இதனின்றே பெறப்படும். கன அளவு = அரைச் சுற்றளவு × ஆரம் × உயரம்; பக்கப்பரப்பு = சுற்றளவு × உயரம். ஆகவே:

கன அளவு = பக்கப்பரப்பு × ஆரத்தின் பாதி.

நடுவிலிருந்து சம தொலைவில் பக்கங்கள் அமைந்த எல்லா நேர்ப்பட்டகங்களுக்கும், ஆரத்தின் இடத்தில் நடுத்தொலைவை இட்டால், இவ்வுறவு பொருந்தும். கணக்கு சரியா எனச் சோதிக்கவும் இது உதவும்.

6. குடைவரைத் தூண்: ஓர் எடுத்துக்காட்டு

தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் காலக் குடைவரை ஒன்று உள்ளது. மகேந்திரவர்மன் காலக் குடைவரைத் தூண்களின் பொது அமைப்பு மேலும் கீழும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை உடைய கட்டு என்பது. கணித நோக்கில் இது மூன்று பட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கூட்டுத் திண்மம்.

சதுரத்தின் அகலமும் எட்டுப்பட்டையின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான தொலைவும் ஒன்றே எனக் கொண்டால், இரண்டுக்கும் நடுத்தொலைவு சமம். எட்டுப்பட்டையின் சுற்றளவு சதுரத்தின் சுற்றளவில் ஏறத்தாழ 0.828 பங்கு. மேற்கண்ட உறவின்படி கன அளவும் அதே 0.828 பங்காகவே அமையும். அதாவது, சதுரத்தைக் கட்டாகச் செதுக்கும்போது அப்பகுதிக் கல்லில் ஏறத்தாழ 17 விழுக்காடு நீங்குகிறது. பக்கப்பரப்பும் அதே 17 விழுக்காடு குறைகிறது. பட்டைகள் நான்கிலிருந்து எட்டாக மிகுந்தமையால் பரப்பு மிகும் என எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்தாது. தூண்களின் எடையை மதிப்பிடுவோர்க்குக் கன அளவும், தூண்களில் பொறிக்கப்பட்ட எழுத்துகளின் இடப்பரப்பை ஆய்வோர்க்குப் பக்கப்பரப்பும் வேண்டும்.

கூட்டுத் திண்மங்களில் கன அளவுகளைக் கூட்டிவிடலாம். புறப்பரப்புகளை அவ்வாறு கூட்டலாகாது. சதுரமும் கட்டும் தொட்டுநிற்கும் இடம் இரண்டிலும் மறைந்துவிடுகிறது. அதனைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

7. கிணறு, கரை, மழை

7.1 உறைகிணறு. பெருங்களத்தூர்ப் பகுதி வீடுகளில் சிமெண்டு உறைகளை இறக்கிய குறுகிய கிணறுகளைக் காணலாம். உள்விட்டம் 1.2 மீட்டர், நீர் நிற்கும் ஆழம் 9 மீட்டர் எனில் அடிப்பரப்பு 1.131 சதுர மீட்டர், கொள்ளளவு 10.18 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 10,180 லிட்டர். உட்சுவரின் வளைபரப்பு 33.93 சதுர மீட்டர். சோதனை: 33.93 × 0.3 = 10.18.

இங்குக் கொள்ளளவு, கன அளவு என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்த வேண்டும். உறைக்கு உள்ளே கொள்ளும் நீரின் அளவு கொள்ளளவு. உறை என்னும் பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் அதன் கன அளவு. அது வெளி உருளைக்கும் உள் உருளைக்கும் உள்ள வேறுபாடு. 5 செ.மீ. தடிப்பும் 30 செ.மீ. உயரமும் உடைய மேற்கூறிய உறை ஒன்றுக்கு அது ஏறத்தாழ 0.059 கன மீட்டர். நீரைப் பற்றிய வினாவுக்கு முன்னதும், உறை செய்யும் கலவையைப் பற்றிய வினாவுக்குப் பின்னதும் விடை.

ஆழத்தை இருமடங்காக்கினால் கொள்ளளவும் சுவர்ப்பரப்பும் இருமடங்காகும். விட்டத்தை இருமடங்காக்கினால் கொள்ளளவு நான்கு மடங்காகும், சுவர்ப்பரப்பு இருமடங்கே. ஆகவே ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் ஆகும் சுவர்ப்பரப்பு அகன்ற கிணற்றில் குறைவு. ஆயின் அகன்ற கிணற்றுக்கு நிலம் வேண்டும். வயலில் இருந்த நிலம் வீட்டுமனையில் இல்லை.

7.2 ஏரிக்கரை. பீர்க்கன்காரணை ஏரி போன்ற இவ்வட்டார ஏரிகளின் மண்கரையைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் பெரும்பாலும் சரிவகமாக இருக்கும். கரை என்பது படுத்த நிலையிலுள்ள பட்டகம்; அதன் 'உயரம்' கரையின் நீளமே. விளக்கத்திற்காகக் கொள்ளும் அளவுகள்: மேலகலம் 3 மீட்டர், அடியகலம் 12 மீட்டர், உயரம் 3 மீட்டர், நீளம் 400 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு (3 + 12) ÷ 2 × 3 = 22.5 சதுர மீட்டர். வேண்டும் மண் 9,000 கன மீட்டர். நீர்ப்பக்கச் சரிவின் நீளம் 5.41 மீட்டர், அச்சரிவில் கல் பாவ வேண்டிய பரப்பு ஏறத்தாழ 2,160 சதுர மீட்டர். மண்ணுக்குக் கன அளவு, கல் பாவுவதற்குப் புறப்பரப்பு என ஒரே கரைக்கு இருவகைக் கணக்கு தேவைப்படுகிறது.

7.3 மழை. 'இத்தனை மில்லிமீட்டர் மழை' என்பது நீளத்தின் அளவு. அது பரப்போடு சேரும்போதே நீரின் அளவாகிறது. மனையின் எல்லையை அடியாகவும் மழையளவை உயரமாகவும் கொண்ட பட்டகமே அம்மனையில் விழுந்த நீர். மனை எவ்வளவு கோணலான வடிவுடையதாயினும் இது பொருந்தும்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. சென்னை வட்டார வழக்கில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 222.97 சதுர மீட்டர். அவ்வொரு மனையில் அந்நாளில் விழுந்த நீர் 222.97 × 0.49 = 109.25 கன மீட்டர்; ஏறத்தாழ 1,09,000 லிட்டர். மேற்கூறிய கிணறு காலியாகவே இருந்திருப்பினும் பத்துக் கிணறுகள் நிறைந்து மேலும் எஞ்சியிருக்கும். செங்கற்பட்டு வட்டாரப் பழைய அளவான ஒரு காணிக்கு, அதாவது 24 மனைகளுக்கு, 2,622 கன மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4,90,000 கன மீட்டர்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அன்றாட மழைக்கு எத்துணைப் பயன் தரும் என்பதும், பெருமழையில் ஏரியும் கால்வாயும் செய்யும் பணியை வீட்டுக் கிணறு ஏன் செய்ய இயலாது என்பதும் இவ்வெளிய பெருக்கலால் விளங்கும்.

7.4 படுத்த உருளை. கோடையில் இப்பகுதிக்கு நீர் கொணரும் லாரிகளின் தொட்டி படுத்த உருளை வடிவின்பாற்பட்டது. நிமிர்ந்த உருளையில் கால் பங்கு உயரத்திற்கு நீர் நின்றால் நீரும் கால் பங்கு. படுத்த உருளையில் கால் பங்கு உயரத்திற்கு நிற்கும் நீர் கொள்ளளவில் ஏறத்தாழ 19.6 விழுக்காடு மட்டுமே. குறுக்குவெட்டு நீள்வட்டமாயினும் இவ்விகிதம் மாறாது. உயரத்தைப் பார்த்து நீரின் அளவை உய்த்துணர்வோர் தொட்டி எவ்வாறு கிடக்கிறது என்பதையும் நோக்க வேண்டும்.

8. முகத்தல் அளவையின் வடிவியல்

2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். இவ்வாய்பாட்டில் 8 ஆழாக்கு ஒரு நாழி என்பதும் 8 நாழி ஒரு குறுணி என்பதும் நோக்கத்தக்கன. எட்டு என்பது இரண்டின் கனம். ஓர் உருளைக் கலத்தின் விட்டத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். ஆகவே ஒரே வடிவொப்புமையில் செய்தால் நாழிக் கலம் ஆழாக்குக் கலத்தின் இருமடங்கு அளவினதாகவும், குறுணிக் கலம் நாழிக் கலத்தின் இருமடங்கு அளவினதாகவும் அமையும். அக்காலக் கலங்கள் அவ்வாறே வடிக்கப்பட்டன என இதனால் துணிதல் ஆகாது. கிடைக்கும் கலங்களை அளந்தே அது முடிவு செய்யப்பட வேண்டும். எட்டு மடங்கு கொள்ளும் கலத்திற்கு வேண்டும் தகடு, தடிப்பு ஒன்றாயின், நான்கு மடங்கே என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஒரே கொள்ளளவுடைய கலங்கள் வடிவில் வேறுபடலாம். 5 செ.மீ. ஆரமும் 20 செ.மீ. உயரமும் உடைய கலமும், 10 செ.மீ. ஆரமும் 5 செ.மீ. உயரமும் உடைய கலமும் ஒரே கொள்ளளவின. இரண்டும் ஏறத்தாழ 1,571 கன செ.மீ. கொள்ளும். தலைதட்டி அளக்கும்வரை இரண்டுக்கும் வேறுபாடில்லை. குவித்து அளந்தால் நிலைமை மாறுகிறது. குவியல் கூம்பு வடிவினது. தானியம் நிற்கும் சரிவு கலத்தைப் பொறுத்து மாறுவதில்லை. குவியலின் உயரம் ஆரத்தில் பாதி எனக் கொண்டால், குறுகிய கலத்தில் குவியல் கொள்ளளவில் 24இல் ஒரு பங்கு. அகன்ற கலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆரம் இருமடங்கானதால் குவியல் எட்டு மடங்காயிற்று. வாயகன்ற கலத்தால் குவித்து அளந்து பெறுபவர் ஒவ்வொரு மூன்று அளவிலும் ஓர் அளவு மிகையாகப் பெறுவார்; கொடுப்பவர் அதனை இழப்பார். அளவுகோலின் பெயர் மட்டுமன்றி அளக்கும் முறையும் கலத்தின் வடிவும் களத்து நெல்லின் உரிமையைத் தீர்மானித்தன.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைப் பெயர் சுட்டிக் குறிப்பதை இப்பின்னணியில் நோக்கலாம். எந்த மரக்கால் என வரையறுப்பது கொடை நெல்லின் அளவு காலந்தோறும் குறையாமல் காக்கும் ஏற்பாடாகும்.

9. பதிப்பாய்வுக்குச் சில கருத்துகள்

முதலாவது, கோல் நீள அளவை. குழி கோலின் சதுரம். பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் கல்வெட்டுகளில் வருகின்றன. கோல்களின் விகிதம் 4 : 3, குழிகளின் விகிதம் 16 : 9. பதினாறுசாண் கோலால் அளந்த 900 குழி, பன்னிருசாண் கோலால் 1,600 குழியாகும். கோலின் விகிதத்தையே குழிக்கும் கொண்டால் 1,200 எனத் தவறாக வரும். நிலத்தில் கால் பங்கு மறைந்துவிடும். அதே கோல்களால் அகழ்ந்த மண்ணைக் கனமாக அளந்தால் விகிதம் 64 : 27.

இரண்டாவது, ஒரு கணக்கில் எத்தனை நீளங்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன என எண்ண வேண்டும். இரண்டாயின் பரப்பு, மூன்றாயின் கன அளவு. பள்ளம் அகழ்தல் பற்றிய கணக்கில் 'குழி' என்னும் சொல் வருமாயின் அது பரப்பலகா, தோண்டிய பள்ளமா என்பதை இவ்வெண்ணிக்கையே தெளிவுபடுத்தும்.

மூன்றாவது, கலைச்சொல்லாட்சி. அரியம், பட்டகம் என்னும் இரண்டும் நிலைபெற்ற சொற்கள். ஒன்றை விலக்கி மற்றொன்றை நிறுவ வேண்டிய தேவையில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் வெளிவரும் நூல்களை ஒப்பிட்டுப் பயில்வோர்க்காகக் கலைச்சொல் அகராதிகள் இரண்டையும் ஒருங்கே தருதல் நலம். கன அளவு, கனவளவு, கொள்ளளவு ஆகியவற்றின் பொருள் எல்லைகளும் அவ்வாறே வரையறுக்கப்பட வேண்டும்.

10. முடிவுரை

பட்டகத்திற்கும் உருளைக்கும் விதிகள் இரண்டே. குறுக்குவெட்டின் பரப்பை உயரத்தால் பெருக்கக் கன அளவு வரும். குறுக்குவெட்டின் சுற்றளவை உயரத்தால் பெருக்கப் பக்கப்பரப்பு வரும். அரைச் சுற்றளவை ஆரத்தால் பெருக்கும் கணக்கதிகார விதி இவ்விரண்டையும் இணைத்துக் கன அளவு பக்கப்பரப்பையும் ஆரத்தின் பாதியையும் பெருக்கியதற்குச் சமம் எனக் காட்டுகிறது. நீளம் இருமடங்காயின் பரப்பு நான்கு மடங்காகவும் கன அளவு எட்டு மடங்காகவும் பெருகும் என்பதே கோல், குழி, நாழி, குறுணி ஆகியவற்றைப் பொருள்கொள்வதற்கான திறவுகோல். அளவைச் சொற்கள் நிறைந்த கல்வெட்டுகளையும் சுவடிகளையும் ஆயும் தமிழாய்வாளர் இவ்வடிவியலைத் துணைக்கொள்வாராயின், நிலத்தின் அளவிலும் நெல்லின் அளவிலும் நேரும் பொருள்மயக்கங்கள் பல நீங்கும்.